மாப்ள ஏத்தின கோழிக்குப்பை

வா மாப்ள, வா. நீ வர்றதுக்கு முன்னாடியே உன் சரக்கு வந்து சேர்ந்துடுச்சு. போளூர் ரோட்டுல டிராக்டரு வளைவு திரும்பும்போதே எனக்குத் தெரிஞ்சு போச்சு. கண்ணால இல்ல, மூக்கால. உன் அத்தை சாமைச்சோறு வடிச்சுக்கினு இருந்தா, பானை கெட்டுப்போச்சோன்னு ரெண்டு தரம் குனிஞ்சு மோந்து பாத்தா. "பானை நல்லாத்தான் இருக்குது, உன் நாத்தனார் மகன் கோழிக்குப்பை ஏத்திக்கினு வர்றான்"னேன். அந்தத் திண்ணை ஓரமா உக்காரு. கொஞ்சம் தள்ளி. கோவிச்சுக்காத, காத்து இந்தப் பக்கமா வீசுது, அதுக்குத்தான்.

மூணு டன்னுன்னு சொன்னாங்க. ரெண்டு கிடா வித்த துட்டுன்னும் சொன்னாங்க. நல்ல கிடாங்க. ஒண்ணுக்கு நெத்தியில வெள்ளப் பொட்டு இருக்குமே, அதுவா? போவட்டும்.

போன சம்பாவுல உன் கழனி பச்சையப் பாத்துட்டு நான் வாய் தொறந்து ஒண்ணுமே சொல்லலியேன்னு உனக்கு வருத்தம். சொல்றதுக்கு வாய் வந்தாத்தானே? அவ்வளவு பச்சை. காவலூர்ல வானத்தப் பாக்கற பெரிய கண்ணாடி இருக்குதே, 1986ல ராஜீவ் காந்தி வந்து வைணு பாப்புன்னு பேரு வெச்சுட்டுப் போனாரே, அந்தக் கண்ணாடிய ஒரு ராத்திரி வானத்துலேர்ந்து கீழ சாய்ச்சிருந்தாங்கன்னா மொதல்ல கண்ணுல பட்டிருக்கறது உன் கழனிதான். புதுசா ஒரு கிரகம் கண்டுபுடிச்சோம், பூரா பச்சையா இருக்குதுன்னு எழுதியிருப்பாங்க.

அப்பால கார்த்திகை தீபத்துக்கு மொத நாளு ராத்திரி மழை. மறுநாள் காலையில வந்து பாத்தா பயிரு மொத்தமும் ஒரே பக்கமா படுத்துக்கினு இருக்குது. திருவண்ணாமலை திசையப் பாத்து. பயிரு கூட தீபத்துக்கு விழுந்து கும்பிடுதேன்னு எனக்கு ஒரு நிமிசம் மெய் சிலுத்துப் போச்சு. சாயங்காலம் தீபம் ஏத்தி முடிச்சாங்க, மூணு நாளாச்சு, நாலு நாளாச்சு, அது எழுந்திரிக்கல. அப்பத்தான் பக்தி இல்ல, கோழிக்குப்பைன்னு தெரிஞ்சுது. இலையில குலைநோய்ப் புள்ளி, மேல இலைச்சுருட்டுப் புழு, அறுத்துத் தூத்தினா காத்தோட போனது பாதி கருக்கா. இத்தனைக்கும் நீ கண்டுபுடிச்ச காரணம் இன்னா? "குப்பை பத்தல மாமா." அடேயப்பா. பந்தியில தின்னு வாந்தி எடுத்தவன் பசியிலதான் வாந்தி வந்துச்சுன்னு சொன்ன கதை.

கேளு. என் பேத்தி வாழவச்சனூர் வேளாண்மைக் கல்லூரியில படிக்கிறா, தெரியுமில்ல? லீவுக்கு வந்தவ நோட்டுப் புத்தகத்தோட வந்தா. நான் ராகிக் களிய முழுங்கிக்கினே எந்த எருவுல எவ்வளவு சத்துன்னு சும்மா கேட்டு வெச்சேன். நாம காலங்காலமா மாட்டுக் கொட்டாயிலேர்ந்து அள்ளிக் குப்பை அடிக்கறோமே, அந்தத் தொழு எருவுல நூறு கிலோவுக்குத் தழைச்சத்து அரை கிலோதானாம். மணிச்சத்து 200 கிராமு. சாம்பல் சத்து அரை கிலோ. கோழி எருவுல? தழைச்சத்து 3.03 கிலோ. மணிச்சத்து 2.63 கிலோ. சாம்பல் சத்து 1.4 கிலோ. அதாவது மாட்டெரு ஆறு வண்டி அடிச்சா வர்ற தழைச்சத்து, கோழி எரு ஒரு வண்டியில வந்துடுது. நீ இன்னா பண்ண? மாட்டெரு அடிக்கற அதே கையால, அதே கணக்குல, ஒரு ஏக்கருக்கு ரெண்டு டிராக்டரு அடிச்ச. சாராயத்த மோருன்னு நெனச்சுச் சொம்புல மொண்டு குடிச்சா மாதிரி.

அந்த நோட்டுல அடுத்த வரியையும் படிச்சுக் காட்டுனா. படிக்காமலே இருந்திருக்கலாம். ஆட்டெரு, தழைச்சத்து 3 கிலோ. கோழிக்கு 3.03, ஆட்டுக்கு 3. அந்தப் புள்ளி பூஜ்ஜியம் மூணுக்காகவா மாப்ள ரெண்டு கிடாவ வித்த?

சிரிக்காத. ஆட்டுப்புழுக்கை எவ்வளவு சேரும், ரெண்டு கிடா ஒரு ஏக்கருக்குப் போட முடியுமான்னு நீ கேக்கப் போற. முடியாதுதான், ஒத்துக்கறேன். ஆனா உங்கப்பன் காலத்துல அறுவடை ஆன கழனியில ராத்திரிக்குப் பட்டி போடுவோம். ஊரு ஆடெல்லாம் சேர்ந்து படுக்கும். புழுக்கை மட்டுமில்ல, ஆட்டு மூத்திரமும் மண்ணுக்குள்ளயே எறங்கும். லாரி வாடகை இல்ல, டீசல் இல்ல. காவலுக்குப் படுக்கறவனுக்கு ஒரு வேளைக் களியும் ஒரு கட்டு பீடியும், அவ்வளவுதான் செலவு. இப்ப பட்டி போடறதுக்கு ஆளு இல்ல. ஆடு மேய்க்கற பசங்கள்லாம் திருப்பூர்ல பனியனு தெச்சுக்கினு இருக்கானுங்க. சரி, அது வேற புலம்பல்.

இப்ப கோழிய எடுத்துக்கோ. அதுக்கு ஒண்ணுக்குப் போக வழி தனியா கிடையாது. இத நீ எத்தனையோ தரம் பாத்திருப்ப, யோசிச்சிருக்க மாட்ட. பஞ்சாரத்தத் தூக்கினா கீழ கெடக்கற எச்சத்துல கருப்பா ஒரு பாகம், தலையில வெள்ளையா ஒரு தொப்பி. கருப்பு அது தின்னது. வெள்ளைத்தொப்பி அதோட மூத்திரம். தண்ணியா வுடாம சுண்ணாம்பு மாதிரி கெட்டியா வெச்சு அனுப்புது. யூரிக் அமிலம்னு பேராம். கோழி எருவுல இருக்கற தழைச்சத்துல பாதிக்கு மேல அந்தத் தொப்பியிலதான். ஈரம் பட்டதும் மண்ணுல இருக்கற நுண்ணுயிரு அத யூரியாவா மாத்தும், யூரியா அம்மோனியாவா மாறும். இப்ப நெனச்சுப் பாரு. "யூரியாவே தொட மாட்டேன் மாமா, பூரா இயற்கைதான்"னு எங்கிட்ட சத்தியம் பண்ணிட்டுப் போன. கோழி உனக்கு யூரியாவத்தான் மூட்டை கட்டாம, சாக்கு இல்லாம, நாத்தத்தோட அனுப்பி வெச்சிருக்குது. கம்பெனி குடுத்தா விஷம், கோழி குடுத்தா பிரசாதம். நடத்து.

அதுக்காக கோழி எரு கெட்டதுன்னு நான் சொல்லல. யூரியாவுல வெறும் தழைச்சத்து மட்டும்தான். இதுல மணி, சாம்பல், சுண்ணாம்பு, கொஞ்சம் துத்தநாகம், மண்ணுக்கு மக்கு எல்லாம் கலந்து வருது. நல்ல சரக்குதான். ஆனா வேகமான சரக்கு. எருன்னு பேரு வெச்சுட்டதால அது சாதுவா நடந்துக்கும்னு நம்பற பாரு, அங்கதான் உன் வண்டி கவுறுது.

அந்தப் பண்ணைக் கொட்டாய்க்குள்ள நுழைஞ்சப்போ உனக்குக் கண்ணு எரிஞ்சுதா இல்லையா? எரிஞ்சிருக்கும். இன்னான்னு நெனச்ச? அந்த எரிச்சல்தான் அம்மோனியா. நீ காசு குடுத்து வாங்கப் போற தழைச்சத்து, நீ பேரம் பேசி முடிக்கறதுக்குள்ள கூரை வழியா வெளிய போயிக்கினு இருந்துச்சு. தெறந்த வெளியில குவிச்சுப் போட்டு வெச்சா 30 நாளுல பாதித் தழைச்சத்து வரைக்கும் போயிடும்னு பேத்தி நோட்டுல எழுதியிருக்குது. நீ ரோட்டோரம் கொட்டி எத்தனை நாளாச்சு? இன்னிக்குத்தானே? நல்ல வேளை. போன வருசம் இருவது நாளு கெடந்துச்சு, நடுவுல மூணு மழை. மொத மழையிலயே காப்பி டிகாக்‌ஷன் மாதிரி கருப்பா ஒரு தண்ணி எறங்கி ஓடைக்குப் போச்சு. அந்த ஓடை எங்க போவுது? செய்யாத்துக்கு. செய்யாறு எங்க போவுது? கீழ, கலசபாக்கம் பக்கம். போளூரு பக்கத்துல காசு குடுத்து வாங்கி, டீசல் போட்டு மலை ஏத்தி, மழையில கரைச்சுத் திரும்ப கீழயே அனுப்பி வெச்சிருக்க. செய்யாத்துக் கரையில வெள்ளாமை பண்றவன் உன் பேருல ஒரு கல்வெட்டு வெக்கலாம்.

நீ மட்டும் இப்படின்னு நெனக்காத, பறவை எச்சத்துக்குப் பெரிய பெரிய நாடெல்லாம் பைத்தியம் புடிச்சு அலைஞ்சிருக்குது. பெருன்னு ஒரு நாடு. கடலோரம் சின்னச் சின்ன தீவு. கடல் பறவைங்க ஆயிரக்கணக்கான வருசமா அங்க உக்காந்து எச்சம் போட்டு அது மலையாவே நின்னுது. குவானோன்னு பேரு. 1840லேர்ந்து ஐரோப்பாக்காரன் கப்பல் கப்பலா வெட்டி ஏத்திக்கினு போனான் வெள்ளாமைக்கு. 1856ல அமெரிக்காக்காரன் ஒரு சட்டமே போட்டான், எவனுக்கும் சொந்தமில்லாத தீவுல எச்சம் இருந்தா நம்மாளு போய்க் கொடி நட்டுடலாம்னு. 1864ல ஸ்பெயின்காரன் படையோட வந்து சின்சா தீவுங்களப் புடிச்சுக்கினான். பறவைப் பீக்கு பீரங்கி! அந்த எச்சத்துக்கு ஏன் அவ்வளவு மதிப்புன்னு கேளு. அந்தத் தீவுல மழையே கிடையாது மாப்ள. அதனால தழைச்சத்து கரையாம, ஓடாம, அப்படியே காஞ்சு நின்னுது. நம்ம ஜவ்வாது மலையில மழை பெய்யுது. அதுவும் ரெண்டு பருவத்துக்கும் பெய்யுது. உனக்கும் பெருவுக்கும் இருக்கற வித்தியாசம் ஒரு தார்ப்பாய்தான்.

பெரு எதுக்கு, நம்ம சீமையிலயே இருக்குது. செங்கல்பட்டுப் பக்கம் வேடந்தாங்கல் போயிருக்கியா? நான் போயிருக்கேன், சுய உதவிக்குழுப் பொம்பளைங்க வேன் எடுத்தாங்க, உன் அத்தைக்குத் துணைன்னு சொல்லி ஏறிக்கினேன். ஏரி நடுவுல நீர்க்கடம்ப மரம், மரம் பூரா நாரை, கொக்கு, நீர்க்காகம். அதுங்க போடற எச்சம் நேரா ஏரித் தண்ணியில. அந்தத் தண்ணிதான் கீழ ஆயக்கட்டுக் கழனிக்குப் பாயுது. அந்த ஊரு குடியானவங்களுக்கு அந்தத் தண்ணியே உரம்னு தலைமுறை தலைமுறையா தெரியும். வெள்ளைக்காரச் சிப்பாயிங்க வந்து பறவையச் சுட்டாங்கன்னதும் ஊரே கெளம்பிப் போய்க் கலெக்டரு லயனல் பிளேஸ் கிட்ட முறையிட்டு, பறவையச் சுடக்கூடாதுன்னு கவுல் பத்திரம் வாங்கி வெச்சாங்க. 1798ல! பறவைங்க மேல இருந்த பாசம் பாதி, நெல்லு மேல இருந்த பாசம் பாதின்னு நான் நெனக்கறேன். கேட்டா ஒத்துக்க மாட்டாங்க.

அங்க லாரி வாடகை கிடையாது. நாரை அதோட சொந்தச் செலவுல எங்கெங்கேர்ந்தோ பறந்து வந்து போட்டுட்டுப் போவுது. ஆனா ஒண்ணு கவனிச்சியா? ஒரே நாளுல ரெண்டு டிராக்டரு கொட்டறதில்ல. ஒரு ஏரித் தண்ணியில கரைஞ்சு, மடைக்கு மடை கொஞ்சம் கொஞ்சமா, பயிரு கேக்கக் கேக்கப் போவுது. நாரைக்கு இருக்கற நிதானம்...

வேணாம், வுடு. நீ என் தங்கச்சி மகன்.

கணக்குக்கு வரலாம். நடு வயசு நெல்லுக்குப் பொதுவா எக்டேருக்கு 150 கிலோ தழை, 50 மணி, 50 சாம்பல்னு சிபாரிசு. ஏக்கருக்கு 60, 20, 20ன்னு வெச்சுக்கோ. போன வருசம் நீ அடிச்சது ஆறு டன்னு. 3.03ன்னா 180 கிலோ தழைச்சத்து. யூரியா மூட்டை 45 கிலோ, அதுல தழைச்சத்து 20 கிலோ சொச்சம். அப்ப நீ ஒரு ஏக்கருல கொட்டினது ஒம்பது மூட்டை யூரியாவுக்குச் சமம். ஒம்பது மூட்டை யூரியாவ எவனாச்சும் ஒரு ஏக்கருல கொட்டினா அவன மரத்துல கட்டி வெச்சு மந்திரிப்போம். நீ கொட்டின, உன்ன இயற்கை விவசாயின்னு கூப்புட்டுப் போட்டோ புடிச்சுக்கினு போனாங்க.

அதுல பாதிதான் மொதப் போகத்துல பயிருக்குக் கெடைக்கும், மீதி மெதுவா மக்கும், கொஞ்சம் காத்தோட போவும், உண்மைதான். பாதின்னாலும் 90 கிலோ. பொதுச் சிபாரிசுக்கே ஒண்ணரை மடங்கு. நீ நட்டது பொன்னி வேற, ஏற்கெனவே உசரமான சாதி, சாயறதுக்குச் சாக்கு தேடிக்கினு நிக்கற சாதி.

அத வுடு, தழைச்சத்தாச்சும் ஓடிப் போயிடும். மணிச்சத்து எங்கயும் ஓடாது. ஆறு டன்னுல 158 கிலோ மணிச்சத்து. பயிருக்கு வேணுங்கறது 20. கிட்டத்தட்ட எட்டு போகத்துக்கு வேண்டியத ஒரே நாளுல மண்ணுக்குள்ள வெச்சுப் பூட்டு போட்டுட்ட. நெல்லு தழைச்சத்த மணிச்சத்த வுட மூணு மடங்கு கேக்குது. கோழி ரெண்டையும் கிட்டத்தட்ட ஒரே அளவு குடுக்குது. அதனால தழைச்சத்த முழுசா கோழி எருவுலயே குடுக்கணும்னு நீ புடிவாதம் புடிச்சா மணிச்சத்து பொங்கி வழியும். மணிச்சத்து மிஞ்சின எடத்துல, அதுவும் தண்ணி நிக்கற சேத்துல, பயிருக்குத் துத்தநாகம் கெடைக்காது. நட்டு மூணு வாரத்துல உன் கீழ்க் கழனியில இலை துருப் புடிச்சா மாதிரி பழுப்பா ஆச்சே, ஞாபகம் இருக்குதா? யாரோ கண்ணு வெச்சுட்டாங்கன்னு பூசணிக்கா சுத்திப் போட்ட. ஏக்கருக்குப் பத்து கிலோ துத்தநாக சல்பேட்டு போட்டிருந்தா போதும். பூசணிக்காயாச்சும் கொழம்புக்கு மிஞ்சியிருக்கும்.

ஆக, கோழி எருவ மணிச்சத்துக் கணக்குல போடணும் மாப்ள. ஏக்கருக்கு ஒரு டன்னு. அதுல 26 கிலோ மணி வந்துடுது, மணியுரம் வாங்கவே வேணாம். தழைச்சத்துல மொதப் போகத்துக்கு ஒரு 15 கிலோ கெடைக்கும். மீதிக்குத் தக்கைப்பூண்டு வெத, கொழிஞ்சி வெட்டிப் போடு, அதுவும் பத்தலன்னா வெக்கப்படாம யூரியா ஒரு மூட்டை வாங்கு. 266 ரூவா 50 காசு. ராத்திரியில வேணும்னா போய் வாங்கிக்கினு வா, நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்.

போட்டவுடனே என்ன செய்யணும்? இதான் முக்கியம், பீடிய அணைச்சுட்டுக் கேளு. நீ போன வருசம் எரைச்சுட்டு ஏருக்கு ஆளு வரலன்னு ஒரு வாரம் வெயில்ல காய வுட்ட. உன் கழனி மேல காக்கா கூடப் பறக்கல, அவ்வளவு நெடி. எரைச்ச அன்னிக்கே உழுது மண்ணுக்குள்ள தள்ளணும். காலையில எரைச்சா சாயங்காலத்துக்குள்ள. உழுதுட்டுத் தண்ணி கட்டி நிறுத்து. சேத்துக்குள்ள தண்ணிக்கு அடியில அம்மோனியா அம்மோனியாவாவே இருக்கும், மண்ணு அதக் கெட்டியா புடிச்சுக்கும், நெல்லு வேரு அத அப்படியே எடுத்துக்கும். நடுவுல காய வுட்டியா, அது நைட்ரேட்டா மாறும். மறுபடி தண்ணி கட்டினதும் அந்த நைட்ரேட்டு காத்தா மாறி மேல போயிடும். காய வுடறதும் கட்டறதுமா வெளையாடினா நீ கழனிக்கு உரம் போடல, வானத்துக்குப் போடற. தண்ணி கட்டி ஒரு வாரம் பத்து நாளு பொறு. புதுக்குப்பை சேத்துல கொதிக்கும், அந்தச் சூட்டுல நட்டா நாத்து வேரு கருகும். அப்பால சேறோட்டிப் பரம்படிச்சு நடு. வரப்புல நண்டு வளைய அடைச்சு அண்டை வெட்டிட்டுத்தான் தண்ணி கட்டணும், இல்லன்னா மறுபடியும் கலசபாக்கத்துக்காரன்தான்.

அப்பறம் பயிருக்குப் பசிக்குதா இல்லையான்னு உன் கண்ண நம்பாத. போன வருசம் பச்சைய ரசிச்ச கண்ணு அது. இலை வண்ண அட்டைன்னு பிளாஸ்டிக்குல ஒண்ணு இருக்குது, வேளாண்மை ஆபீசுல கேளு. நட்ட 14ம் நாளுலேர்ந்து வாரம் ஒரு தரம் இலைய அட்டை மேல வெச்சுப் பாக்கணும். வெள்ளைப் பொன்னின்னா 3ம் நம்பரு பச்சைக்குக் கீழ எறங்கினாத்தான் மேலுரம். மத்த ரகத்துக்கு 4. போன வருசம் உன் இலைய அதுல வெச்சிருந்தா அட்டையில இருக்கற நம்பரே பத்தியிருக்காது.

வாங்கற எடத்துலயும் ஏமாந்துதான் வர்ற. நாமக்கல்லுப் பக்கம் முட்டைக்கோழி கூண்டுக்கு அடியில வுழுற எச்சம் வேற, இங்க கறிக்கோழிக் கொட்டாயில உமி பரப்பி அதுமேல வுழுற குப்பை வேற. கூண்டுக்கோழி எருவுல உமி கிடையாது, சுண்ணாம்பு கூட. முட்டை ஓட்டுக்குன்னு தீனியில கிளிஞ்சல் சேக்கறாங்களே, அது. கறிக்கோழிக் குப்பையில ஒரே ஒரு ஈடு கோழி வளத்துட்டு அள்ளினதுன்னா பாதிக்கு மேல உமிதான். உமிக்கு மக்கறதுக்கே தழைச்சத்து வேணும், மொதல்ல அது தின்னும், அப்பறம்தான் நெல்லுக்கு. உன் குவியல்ல கைய வுட்டுப் பாத்தேன். கையக் கழுவிட்டேன், பயப்படாத. உமி மணி மணியா அப்படியே இருக்குது. ஒரே ஈடு. 3.03ங்கற கணக்கெல்லாம் உன் சரக்குக்கு வராது. ஈரம் வேற. டன்னு கணக்குல எடை போட்டு வாங்கறப்போ ஈரத்துக்கும் சேத்துத்தான் காசு. ஊரெல்லாம் ஊத்துத் தண்ணி சும்மா வர்ற மலையில, கீழேர்ந்து தண்ணிய விலைக்கு வாங்கிக்கினு வந்த ஆளு நீ ஒருத்தன்தான்.

அந்தக் குவியல்ல ரெண்டு செத்த கோழியும் கெடக்குது, பாத்தியா? பாத்திருக்க மாட்ட, ராத்திரி நாய்ங்க இழுத்துக்கினு வந்து உன் வாசல்ல போடும், அப்பப் பாப்ப. அத மொதல்ல பொறுக்கி ஆழமா பொதை. கோழிப் பொணம் கலந்த குப்பைய மேய்ச்சல் நெலத்துல போட்டு மாடுங்க வாதம் வந்து கால் மடங்கிச் செத்தது இங்கிலாந்து மாதிரி நாட்டுலயெல்லாம் நடந்திருக்குது. நம்ம மாடுங்க ஓட்டம் அந்தப் பக்கம்தான். ஈ வேற. இன்னும் ரெண்டு நாளு இப்படியே கெடந்தா ஊரு ஈ மொத்தமும் உன் வூட்டு விருந்தாளி. ஊர் கவுண்டரு வூட்டுல நேத்தே ரெண்டு பேரு போய் உன் பேரச் சொல்லிட்டு வந்துட்டாங்க. ஒருத்தரு நான்.

சரி, மூஞ்சிய அப்படி வெச்சுக்காத. ஒரு நல்ல சேதியும் வெச்சிருக்கேன். மேல்பாங்குல ஒரு அரை ஏக்கரு, ஜேசிபி வெச்சு மேட்ட வெட்டி மட்டம் பண்ணியே, அந்தக் கழனி. மேல் மண்ணு பூரா வழிச்சுக்கினு போய்ச் செம்மண்ணு பல்லக் காட்டிக்கினு நிக்குது. அதுல நீ எவ்வளவு யூரியா போட்டும் பயிரு மஞ்சளாவே நின்னு உன்னப் பாத்துச் சிரிச்சுதே. அங்க போடு இந்தக் குப்பைய. அமெரிக்காவுல அர்கன்சாஸ்னு ஒரு மாகாணமாம். அந்த நாட்டு நெல்லுல பாதிக்குக் கிட்ட அங்கதான் வெளையுது, கறிக்கோழியும் அங்க எக்கச்சக்கம். அவங்களும் உன்ன மாதிரியே மிஷினு வெச்சுக் கழனிய மட்டம் பண்ணி, மேல் மண்ண வழிச்சுட்டு, நெல்லு வரலன்னு தலையில கை வெச்சுக்கினாங்க. வெறும் மூட்டை உரத்துக்குத் திரும்பாத அந்த மண்ணு கோழிக்குப்பைக்குத் திரும்புச்சாம். அங்க பல்கலைக்கழகத்துலயே போட்டுப் பாத்திருக்காங்கன்னு பேத்தி சொன்னா. நெலத்தக் கெடுத்த விஷயத்துல நீ அமெரிக்கா அளவுக்கு வளந்துட்ட, மருந்தும் அதே மருந்துதான்.

அதனால இப்படிச் செய். ஒரு டன்னு அந்த வெட்டின கழனிக்கு. அரை ஏக்கருக்கு ஒரு டன்னு அதிகம்தான், ஆனா அந்த மண்ணு பட்டினி கெடந்த மண்ணு, ஒரு தரம் தாங்கும். போன வருசம் ஆறு டன்னு தின்ன கீழ்க் கழனிக்கு இந்த வருசம் ஒரு கூடை கூட கிடையாது. அங்க மணிச்சத்து இன்னும் படுத்துத் தூங்குது. அங்க தக்கைப்பூண்டு மட்டும் மடக்கி உழு. மீதி ரெண்டு டன்ன எலைச் சருகோட, வைக்கோலோட அடுக்கடுக்கா போட்டு, புடிச்சா கையில ஒட்டற ஈரத்துல வெச்சு, நடுநடுவுல கிளறி மக்க வை. சருகு தழைச்சத்த வெளிய வுடாம புடிச்சு வெக்கும். அடுத்த போகத்துக்கு ஆச்சு. மிஞ்சினா பலா மரத்துக்கு. மரத்தடியில இல்ல, எல ஓரம் நெழலு முடியற வட்டத்துல.

சாமைக் கொல்லைப் பக்கம் மட்டும் கொண்டு போவாத. சாமை உன் பாட்டன் காலத்துலேர்ந்து யாரையும் ஒண்ணும் கேக்காம வெளையற பயிரு. அதுக்கும் இதக் காட்டிக் கெடுத்துடாத.

இன்னா, எழுந்துட்ட? ஆமாம், மேக்கால கருத்துக்கினு வருது, நானும் அதத்தான் பாத்துக்கினு இருந்தேன். மூணு டன்ன மூடறதுக்கு உங்கிட்ட இன்னா இருக்குது, வேட்டியா? உள்ள பரண் மேல என் தார்ப்பாய் இருக்குது, களத்துல நெல்லு காயப் போடறது. எடுத்துக்கினு ஓடு. மேல கல்லு வை, சுத்தி ஒரு வாய்க்கா வெட்டு. பத்து நாளுல திருப்பிக் குடுத்துடணும். கழுவிட்டுக் குடு. கழுவற தண்ணிய இங்க என் வாசல்ல ஊத்தாம அந்த வெட்டின கழனியிலயே ஊத்து.